சென்னையும் யாழ்ப்பாணமும்: தூரத்தை நிர்ணயிப்பது எது?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் தூரம் எவ்வளவு? பூகோளப் படத்தைக் கேட்டால், ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 355 கிலோமீட்டர், பழைய கணக்கில் 220 மைல் என்று சொல்லும். சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் ரஸ்தா இதனினும் நீளமானது. சிறிய ஆகாய விமானம் ஒன்று இத்தூரத்தைச் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். படம் கூறும் விடை இது. சரித்திரம் கூறும் விடையோ வேறு.

1947-ஆம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ஏர் சிலோன் ஸ்தாபனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்து சேர்ந்தது. அன்று இந்தியா சுதந்திரம் அடைந்து நான்கு மாதம் நிறையவில்லை. இலங்கை சுதந்திரம் அடைய ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. அத்தருணத்தில் அத்தீவு முதன்முதல் திறந்த ஆகாய வழி லண்டனுக்கன்று, யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் சென்னைக்கே என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் நேர்ந்தது யாவரும் அறிந்ததே. 1983-இல் மூண்ட யுத்தம் 2009 வரை நீடித்தது. பலாலி விமான நிலையம் ராணுவத் தளமாயிற்று. சுற்றுப்புறக் கிராமத்தார் தங்கள் வீடு வாசல்களையும் விளைநிலங்களையும் துறந்து வெளியேற நேர்ந்தது. யுத்தம் ஓய்ந்து பத்து வருஷம் ஆகியும் நேர்வழி திறக்கவில்லை. சென்னைப் பிரயாணி யாழ்ப்பாணத்தையும் தாண்டித் தெற்கே 645 கிலோமீட்டர் பறந்து, கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவில் இறங்கி, மறுபடியும் வடக்கு நோக்கி ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தரைவழியே செல்ல வேண்டியிருந்தது. 355 என்பது ஆயிரத்துக்கு மேலாயிற்று. ஒன்றேகால் மணி ஒரு முழுநாளாயிற்று. கடலா அகன்றது? பூமியா நீண்டது? இல்லை. தூரத்தை வளர்த்தது ராஜாங்கமே.

2019 அக்டோபர் 17-ந் தேதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11-இல் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் சென்று இறங்கிற்று. கொள்ளை நோயின் காரணமாக 2020 மார்ச்சில் நின்ற போக்குவரத்து, 2022 டிசம்பர் 12-இல்தான் மீண்டது. கொழும்பு மார்க்கம் முன்னரே திறந்தும், இம்மார்க்கம் இரண்டே முக்கால் வருஷம் காத்திருந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ விமானமும் சேர்ந்தது.

பிரயாணிகள் சொற்பம், லாபமில்லை என்று கணக்குக் காட்டுவோர் உண்டு. வழி அடைபட்டிருக்கையில் பிரயாணிகள் எங்ஙனம் பெருகுவர்? 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விட்ட பின்னரன்றோ, போட் மெயிலில் ஜனங்கள் திரண்டனர்! வழி நிலைத்தால் வியாபாரம் நிலைக்கும்.

இன்னொரு சாராரையும் நினைத்தல் நம் கடமை. யுத்தத்திற்கு அஞ்சித் தமிழ்நாட்டுக்கு வந்த அகதிகளில் பலர் இன்றும் முகாம்களில் வாழ்கின்றனர். அவர்களுக்குத் தூரம் மைலிலும் இல்லை, மணியிலும் இல்லை. சர்க்கார் அளிக்கும் அனுமதிப் பத்திரத்தில் இருக்கிறது. சொந்த ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு அப்பத்திரம் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். கட்டணமும் வரியும் எளியோருக்கு எட்டும் அளவில் இருத்தல் வேண்டும். இரண்டு ராஜாங்கங்களும் எக்காரணம் பற்றியும் இவ்வழியை மீண்டும் அடைக்காதபடி இரு கரையிலும் உள்ள ஜனங்கள் விழிப்புடன் காத்தல் வேண்டும்.

இயற்கை அருகருகே வைத்த இரண்டு ஊர்களை மனிதர் அகற்றினர். அவற்றை மீண்டும் அருகில் வைப்பதும் மனிதர் கையில்தான் இருக்கிறது.