திக்கும் பிள்ளைக்கு முகம் கொடுங்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். நேற்றுவரை கலகலவென்று பேசிய மூன்று வயதுப் பிள்ளை இன்று ‘அ-அ-அம்மா’ என்று இழுக்கிறது. வீடே கலங்கிப் போகிறது. யாரோ மிரட்டிவிட்டார்கள் என்பார் ஒருவர். பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துப் பழகிவிட்டது என்பார் இன்னொருவர். நீ அதட்டியதால்தான் என்று மாமியார் மருமகளைக் கைகாட்டுவார். முதலில் இந்தப் பஞ்சாயத்தைக் கலைத்துவிடுவோம்.

திக்குவாய் யாரைப் பார்த்தும் ஒட்டிக்கொள்வதில்லை. அம்மா அதட்டி வருவதும் இல்லை. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பேச்சுக்கான அசைவுகளை மூளை கோக்கும் விதத்திலும் சிறு வேறுபாடு இருக்கிறது. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், பேச்சு மளமளவென்று வளரும் நேரத்தில்தான் தலைகாட்டும். 100 குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு வருகிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நாளடைவில் போய்விடுகிறது. பெரியவர்களில் 100க்கு ஒருவர்தான் திக்கிப் பேசுகிறார்.

அப்படியானால் வீட்டார் நடந்துகொள்வதில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்றொரு பேராசிரியர். தாமே திக்கிப் பேசியவர். இந்தக் கோளாறு பிள்ளையின் வாயில் அல்ல, குறை கண்டுபிடிக்கும் பெற்றோரின் காதில்தான் பிறக்கிறது என்று நம்பினார். 1939இல் அவருடைய மாணவி மேரி டியூடர், டேவன்போர்ட் ஊரின் அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து அதைச் சோதித்தார். நன்றாகப் பேசிய சில பிள்ளைகளிடம், உனக்குத் திக்குகிறது, சரியாக வராவிட்டால் பேசாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்குத் திக்குவாய் வந்துவிடவில்லை. ஜான்சனின் கணக்கு தப்பு. ஆனால் சிலர் வாயைத் திறக்கவே கூசிப்போனார்கள். 2001இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

நாம் அவ்வளவு கொடுமைக்காரர்கள் இல்லைதான். ஆனால் ‘மெதுவா சொல்லு’, ‘மூச்சை இழுத்துவிட்டுப் பேசு’ என்று பாசமாகச் சொல்வதும், நீ பேசுவது தப்பு என்றே பிள்ளையின் காதில் விழக்கூடும். அதன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சிக்கிய வார்த்தையை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். உங்கள் பேச்சை நிதானமாக்குங்கள். கேள்விமேல் கேள்வி வேண்டாம். விருந்தாளி வந்தால் ‘மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு’ என்று முன்னால் தள்ளுவதையும் விட்டுவிடுங்கள்.

நல்ல ஸ்பீச் தெரபிஸ்ட் பிள்ளையோடு உட்காரும் அளவுக்குப் பெற்றோரோடும் உட்காருவார். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கோம்ப் முறையில், 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோதான் வைத்தியர். தினமும் சிறிது நேரம் விளையாட்டாகப் பேசவைத்து, தடங்கல் இல்லாமல் வந்த பேச்சை ‘அழகா வந்துச்சே!’ என்று பாராட்ட வேண்டும். எப்போது, எவ்வளவு பாராட்டுவது என்பதைத் தெரபிஸ்ட் வாராவாரம் பார்த்துத் திருத்துவார்.

திக்கல் ஆறு மாதத்தைத் தாண்டினாலோ, குடும்பத்தில் திக்கிப் பேசும் பெரியவர் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். பிள்ளை முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக்கி வார்த்தையைத் தள்ளினாலும், பேசவே தயங்கினாலும் உடனே காட்டுங்கள். மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது. நாக்கில் வசம்பு தேய்க்க வேண்டாம், வாயில் கூழாங்கல் அடக்கவும் வேண்டாம். கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். இத்தனை நாளில் குணமாக்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் போகவே போகாதீர்கள்.