டர்போவில் கோளாறா, குழாயில் ஓட்டையா?

டர்போ காரில் இழுவை குறைந்து கறுப்புப் புகை வந்தால், பலரும் முதலில் சந்தேகப்படுவது டர்போவைத்தான். என் மாமாவின் காருக்கும் பட்டறையில் அதே தீர்ப்பு: டர்போ போய்விட்டது, மூவாயிரம் ரிங்கிட் ஆகும். காரின் மாதத் தவணையையே மாமா இன்னும் கட்டி முடிக்கவில்லை. எதற்கும் முதலில் காற்றுக் குழாய்களைச் சோதித்துவிடலாம் என்றேன்.

டர்போ அழுத்தி அனுப்பும் காற்று இண்டர்கூலர், ரப்பர் குழாய்கள், பல இணைப்புகள் வழியாகத்தான் எஞ்சினை அடைகிறது. எங்காவது விரிசல் இருந்தால் அங்கேயே கசிந்துவிடும். உள்ளே நுழையும் காற்றை அளந்து பெட்ரோல் தெளிக்கும் கார்களில், கசிந்துபோன காற்றுக்கும் சேர்த்தே பெட்ரோல் போகும். புகை கறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கசிவைத் தேட நாங்கள் செய்த கருவிக்கு 30 ரிங்கிட்கூட ஆகவில்லை. ஹார்ட்வேர் கடையில் தடித்த பிவிசி மூடி, சிலிகான் குழாய்த் துண்டு, இரண்டு கிளிப்; டயர் கடையில் ஒரு டியூப்லெஸ் வால்வு. மூடியின் நடுவே 11.5 மில்லிமீட்டர் துளையிட்டு வால்வை இழுத்துப் பொருத்தினோம். எஞ்சின் நன்றாக ஆறியபின் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் இதை மாட்டினோம்.

காற்றடிக்கும் முன் ஒரு கணக்கு. அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை, பள்ளியில் படித்ததுதான். 60 மில்லிமீட்டர் மூடிக்குள் 100 கிலோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ இருந்தால், சுமார் 280 நியூட்டன் விசை அதை வெளியே தள்ளும். 28 கிலோ எடைக்குச் சமம்! கிளிப் நழுவினால் மூடி பறக்கும், பிளாஸ்டிக் உடைந்தும் சிதறலாம். அதனால் கண்ணாடி அணிந்து, மூடிக்கு நேரே யாரும் நிற்காமல், 5 பிஎஸ்ஐயில் தொடங்கினோம். 10க்கு மேல் போகவே இல்லை. கிளிப்பைத் தளர்த்தும் முன் காற்றை முழுவதும் வால்வு வழியாக இறக்கிவிட வேண்டும்.

அழுத்தம் மெல்லக் குறைந்தால் பதற வேண்டாம்; எஞ்சின் வால்வுகள் வழியாகக் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். எங்களுக்கோ 'உஸ்' என்ற சத்தம் தெளிவாகவே கேட்டது. சோப்பு நீர் தெளித்ததும் இண்டர்கூலரின் கீழ்க்குழாயில், கிளிப்புக்கு அடியில், நுரை பொங்கியது. புதுக் குழாய் 80 ரிங்கிட். அதை மாட்டி மறுபடி சோதித்தோம், நுரை இல்லை. புகையும் நின்றது.

இப்போது பக்கத்து வீட்டு அண்ணன் தம் காருக்கும் ஒன்று கேட்கிறார். அவர் காருக்கு 70 மில்லிமீட்டர் மூடி வேண்டும். அதே 100 கிலோபாஸ்கலில் அதைத் தள்ளும் விசை 39 கிலோவுக்குச் சமம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.