விசா வேறு, சாரதி அனுமதி வேறு

ஆலயத் திருவிழாக் காலங்களிலும் பாடசாலை விடுமுறைகளிலும் கனடா, பிரித்தானியா, சுவிட்ஸர்லாந்து, ஜேர்மனி முதலான நாடுகளிலிருந்து எமது உறவுகள் பெருமளவில் தாயகம் வருகின்றனர். வந்திறங்கிய மறுநாளே உறவினரின் மோட்டார் சைக்கிளையோ காரையோ எடுத்துக்கொண்டு வீதிக்கு வருவோர் பலர். தாம் வாழும் நாட்டில் பல ஆண்டுகளாக வாகனம் செலுத்தியவர்கள் என்பதால் இங்கும் அதற்கான உரிமை தமக்கு உண்டென அவர்கள் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை.

இங்கு இரண்டு வேறு அனுமதிகள் உள்ளன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று நாட்டினுள் நுழைவதற்கானது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் சுற்றுலாவுக்காக வருபவர் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டை வைத்திருத்தல் வேண்டும். 2012 ஜனவரியில் அறிமுகப்படுத்தப்பட்ட இலத்திரனியல் பயண அங்கீகாரத்தைப் புறப்படுவதற்கு முன்னரே பெற்றுக்கொள்வது நன்று. இது குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் விடயமாகும். மற்றையது வீதியில் வாகனம் செலுத்துவதற்கான அனுமதி. இது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளது. ஒன்றைப் பெற்றமையால் மற்றையது கிடைத்துவிடாது.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் குறித்தும் தவறான எண்ணம் நிலவுகின்றது. அது தனித்து நிற்கும் ஓர் அனுமதிப்பத்திரம் அன்று. ஒருவர் தமது நாட்டில் பெற்ற அனுமதிப்பத்திரத்தின் விபரங்களைப் பல மொழிகளில் எடுத்துரைக்கும் ஆவணமே அது. எனவே மூல அனுமதிப்பத்திரமும் கையில் இருத்தல் அவசியம். அத்துடன் மூல அனுமதிப்பத்திரத்தை வழங்கிய நாட்டிலேயே இதனைப் பெறவேண்டும். இலங்கைக்கு வந்த பின்னர் பெற முடியாது.

இந்த ஆவணத்திலும் இரு வகைகள் உள்ளன. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படுவது ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் கீழானது மூன்றாண்டுகள் வரை செல்லுபடியாகலாம். இலங்கை ஏற்றுக்கொண்டிருப்பது முதலாவதையாகும். சுவிட்ஸர்லாந்தும் ஜேர்மனியும் வழங்குவது 1968ஆம் ஆண்டு வகையென்பதால், அங்கிருந்து வருவோர் இவ்விடயத்தில் கூடுதல் அவதானமாக இருத்தல் வேண்டும். 1949ஆம் ஆண்டு வகையை வைத்திருப்போரும் கொழும்பிலுள்ள ஒட்டோமொபைல் அசோஸியேஷன் ஒப் சிலோன் நிறுவனத்தில் அதற்கான அங்கீகாரத்தைப் பெறவேண்டியுள்ளது.

மற்றைய வழி, திணைக்களம் வழங்கும் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரமாகும். முன்னர் இதற்காக வெரஹெர அலுவலகம் வரை செல்லவேண்டியிருந்தது. 2025 ஓகஸ்ட் மாதத்தில் கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்திலேயே இதற்கெனக் கருமபீடம் திறக்கப்பட்டது. எனினும் எந்த அனுமதியானாலும் அதில் குறிப்பிடப்பட்ட வாகன வகைக்கே பொருந்தும். கார் செலுத்த அனுமதி பெற்றவர் மோட்டார் சைக்கிளையோ முச்சக்கர வண்டியையோ செலுத்த முடியாது.

பொலிஸார் மறித்தால் தண்டப்பணம் கட்டிவிடலாம் என்று இதனை இலேசாகக் கொள்பவர்கள் உண்டு. உண்மையான ஆபத்து விபத்தின் போதே வெளிப்படுகின்றது. செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாதவர் வாகனத்தைச் செலுத்தியிருந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுப்பதற்கு இடமுண்டு. அப்போது காயமடைந்த பாதசாரியின் மருத்துவச் செலவு, உயிரிழந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீடு என்பன தனிமனிதரின் தலையிலேயே விழும். வழக்கு முடியும்வரை அவர் நாடு திரும்ப முடியாத நிலையும் ஏற்படலாம்.

அத்தோடு, அனுமதிப்பத்திரம் இல்லாதவரை வாகனம் செலுத்த அனுமதிப்பதும் குற்றமாகும். ஆகவே அன்பின் நிமித்தம் சாவியைக் கொடுக்கும் இங்குள்ள உறவினரும் சட்டத்தின் முன் பதில் கூறவேண்டியவராகின்றார்.

கனடாவிலும் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் வாகனங்கள் வீதியின் வலதுபுறமாகச் செல்கின்றன. இங்கு இடதுபுறமாகச் செல்கின்றன. கால்நடைகளும் சைக்கிள்களும் பாதசாரிகளும் ஒரே வீதியைப் பகிரும் சூழலுக்குப் பழகவும் சில நாட்களாவது தேவை. விமானச் சீட்டைப் பதிவு செய்யும் போதே சாரதி அனுமதியைப் பற்றியும் விசாரித்துக்கொள்வதும், அது கைக்கு வரும்வரை உள்ளூர்ச் சாரதி ஒருவரை அமர்த்திக்கொள்வதும் வருகை தருவோரின் கடமையாகும். உரிய அனுமதி இல்லாத விருந்தினரிடம் சாவியைக் கொடுக்க மறுப்பது விருந்தோம்பலுக்கு இழுக்காகாது.