கேரவன் கூரை ஒழுகுகிறதா? மே மாதமே மேலே ஏறிப் பாருங்கள்!

மே மாதத்தின் கடைசி வாரம். மும்பை வடாலா பக்கத்தில் ஒரு லாரிப் பட்டறை. உச்சி வெயிலில் தகரம் கொதிக்கிறது.

ஒரு கேரவன் வண்டி உள்ளே வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவரே அதன் சொந்தக்காரர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பல ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டிவிட்டு, கடன் வாங்கிச் சொந்த வண்டி போட்டவர்.

"அண்ணாச்சி, போன மழையிலே கட்டில் மெத்தை நனைஞ்சு போச்சு. கட்டிலுக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கு. அதை மட்டும் அடைச்சுக் கொடுங்க. நாலு நாள்லே லோனாவாலா சவாரி இருக்கு" என்கிறார்.

டிங்கர் மேஸ்திரி சிரிக்கிறார். அவரும் அதே சீமைக்காரர்தான்.

"தம்பி, கட்டிலுக்கு மேலே சொட்டுது. சரி. ஓட்டையும் அங்கேதான் இருக்குன்னு யார் சொன்னா?"

ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிட்டது. ஓட்டை கட்டிலுக்கு மேலே இல்லை. ஐந்தடி முன்னால், கூரையில் பொருத்திய ஏசி பெட்டியின் அடியில் இருந்தது!

கூரை வேலையின் ரகசியமே இந்த ஐந்தடியில்தான் இருக்கிறது.

வீடும் வண்டியும் ஒன்று

கேரவன் என்றால் நம்மவர்களுக்குச் சினிமா நட்சத்திரங்களின் ஞாபகம்தான் வரும். கோரேகாவ் படப்பிடிப்பு நகரின் பக்கம் போனால் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். இப்போது சுற்றுலாவுக்கும் இவ்வண்டிகள் வந்துவிட்டன. மகாராஷ்டிரமும் கேரளமும் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தன.

படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, குளிர்சாதனம் எல்லாம் இதற்குள் அடக்கம். ஆகவே கூரை ஒழுகினால் வீடு ஒழுகுகிற தொல்லையும் உண்டு. வண்டி பழுதாகிற நஷ்டமும் உண்டு.

வீட்டுக் கூரைக்கு இல்லாத ஒரு சோதனை வண்டிக் கூரைக்கு இருக்கிறது. அது ஓடுகிறது! ஒவ்வொரு பள்ளத்திலும் உடம்பு முறுக்கிக்கொள்கிறது. ரிவெட்டுகள் அசைகின்றன. பகல் வெயிலில் தகடு விரிகிறது, இரவில் சுருங்குகிறது. இணைப்புகளில் பூசிய பசை நாளடைவில் காய்ந்து வெடிக்கிறது. மும்பையின் உப்புக் காற்று மீதி வேலையை முடித்துவிடுகிறது.

கணக்குப் பாருங்கள்

பத்து மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் உள்ள கூரை என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 24 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையில் விழும் நீர் 2,400 லிட்டர்!

மும்பையில் 100 மில்லிமீட்டர் என்பது அதிசயம் அல்ல. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை யாரும் மறந்திருக்க முடியாது. அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அதே கூரையில் அது 22 ஆயிரம் லிட்டருக்கு மேல்.

இவ்வளவு நீரும் வழிந்து ஓடிவிட்டால் கவலை இல்லை. ஊசி முனை அளவு வழி கிடைத்தாலும் அதில் ஒரு பங்கு உள்ளே வரும்.

கூரை நடுவில் குழிந்திருந்தால் இன்னும் மோசம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் நீர் தேங்கினால் அதன் எடை 10 கிலோ. அந்தப் பாரத்தில் குழி மேலும் ஆழமாகும். ஆழமானால் இன்னும் அதிக நீர் தேங்கும்.

தண்ணீரின் கள்ள வழி

வெளித் தகட்டுக்கும் உள்ளே தெரியும் பலகைக்கும் நடுவில் குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. மின்கம்பிகளும் அந்த இடைவெளியில்தான் ஓடுகின்றன. ஓட்டை வழியே இறங்கும் நீர் நேராகக் கீழே விழுவதில்லை. சட்டத்தையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு நகர்கிறது. தாழ்வான இடம் வந்த பிறகுதான் சொட்டுகிறது.

வண்டி சரிவில் நின்றால் சொட்டும் இடமும் மாறிவிடும். நேற்று கட்டிலுக்கு மேலே, இன்று கதவோரம். இரண்டு ஓட்டை என்று பயந்துவிடக் கூடாது.

ஆகவே சொட்டும் இடத்தை உள்ளிருந்து அடைப்பது வீண் வேலை. அப்படி அடைத்தால் நீர் வெளியே வராமல் உள்ளேயே தங்கும். பிளைவுட் ஊறும், இரும்புச் சட்டம் துருவேறும். வெளியே தெரியும்போது பாதிக் கூரை போயிருக்கும்.

இன்னொன்று. மழையே இல்லாத நாளில், ஏசி ஓடும்போது மட்டும் சொட்டுகிறதா? பெரும்பாலும் அது கூரை ஓட்டை அல்ல. ஏசியின் நீர் வெளியேறும் குழாய் தூசியால் அடைத்திருக்கும். குழாயைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

ஓட்டையைப் பிடிப்பது எப்படி?

இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே இருக்க வேண்டும். மற்றவர் வெளியே குழாயால் நீர் விட வேண்டும். அதற்கு முன் வண்டிக்குள் வரும் மின்சாரத்தை நிறுத்திவிடுவது அவசியம்.

முதலில் கீழ்ப் பகுதி. பிறகு மேல் பகுதி. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் நீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் உச்சியில் ஊற்றினால் எல்லா இணைப்பும் ஒன்றாக நனைந்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது. வேகமான பம்பு நீர் கூடாது. நல்ல இணைப்பையும் அது பிய்த்துவிடும்.

உள்ளே ஈரம் தெரிந்ததும் வெளியே சாக்பீஸால் குறியிட வேண்டும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

1. ஏசி பெட்டியின் அடியில் உள்ள ரப்பர் மெத்தை. நாளாக நாளாக அது நசுங்கி உறுதி இழக்கும்.

2. காற்றுப் போக்கி, அவசர வழி மூடி ஆகியவற்றின் நான்கு ஓரங்கள்.

3. கேரியர், ஏணி, ஆன்டெனா ஆகியவற்றுக்காகத் துளைத்த போல்ட் ஓட்டைகள். பழைய கேரியரைக் கழற்றியபின் மூடாமல் விட்ட துளைகளும் உண்டு!

4. தகடும் தகடும் சேரும் இடம். கூரையும் பக்கச் சுவரும் சேரும் மூலை.

5. ஓர விளக்குகளின் அடிப்பாகம்.

தார் பூசலாமா?

பலர் செய்யும் முதல் தவறு இதுதான். ஒரு டப்பா தாரை வாங்கிக் கூரை முழுவதும் பூசிவிடுகிறார்கள். முதல் மழைக்குத் தாங்கும். அடுத்த கோடையில் வெடிக்கும். பிறகு ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது. தாரைச் சுரண்டவும் முடியாது.

இரண்டாவது தவறு, கைக்குக் கிடைத்த சிலிக்கானை அப்புவது. காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் உலரும்போது அமிலத்தை வெளிவிடுகிறது. உலோகத்தை அது அரிக்கும். சிலிக்கான் மேல் பெயிண்ட் நிற்காது. பழைய சிலிக்கான் மேல் புதிய சிலிக்கானும் சரியாக ஒட்டாது.

வண்டித் தகட்டுக்கு ஏற்றது, உலர்ந்த பிறகும் ரப்பர்போல் வளைந்து கொடுக்கும் பாலியூரிதேன் பசை. துப்பாக்கியில் வைத்து அழுத்தும் குழல்களாக இது கடைகளில் கிடைக்கிறது.

பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுப்பதுதான் பாதி வேலை. அதன்பின் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய பசை நிற்காது. இதற்காகத்தான் மே மாதம் என்று சொல்வது. மழை தொடங்கியபின் மும்பையில் காய்ந்த தகடு எங்கே கிடைக்கும்?

ஏசியின் ரப்பர் மெத்தை போயிருந்தால் சுற்றிலும் பசை அப்புவதில் பயன் இல்லை. பெட்டியைத் தூக்கி, மெத்தையை மாற்றி, போல்ட்டுகளை ஒரே சீராக முறுக்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் புது மெத்தையும் நசுங்கிவிடும்.

துருப்பிடித்த தகடு

இரும்புத் தகடு துருவேறிப் பொத்தலாகியிருந்தால் மேலே பெயிண்ட் அடித்து மறைக்கக் கூடாது. துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, நல்ல இரும்பு தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். பொத்தலைவிட எல்லாப் பக்கமும் பெரிதான ஒட்டுத் தகட்டைப் பசை தடவி வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். ஓரத்தையும் ரிவெட் தலைகளையும் மீண்டும் பசையால் மூடிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். வெள்ளை நிறமாக இருந்தால் வெயிலின் சூடும் உள்ளே குறையும்.

அலுமினியக் கூரையில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ அடிக்கக் கூடாது. இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

வெளிநாட்டு மாதிரி வண்டிகள் சிலவற்றில் கூரைமேல் ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் இந்த வகை அதிகம். அதைப் பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதனாலும் துடைக்கக் கூடாது. ரப்பர் உப்பிப் பிரிந்துவிடும். மிதமான சோப்பு நீரே போதும். பசையும் அந்த ரப்பருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

மெத்தையோடு போவதில்லை

நனைந்த மெத்தையை வெயிலில் போட்டால் காய்ந்துவிடும். கூரைக்குள் ஓடும் மின்கம்பி இணைப்பில் ஈரம் இறங்கினால்? அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வண்டி நிற்கும் இடத்தில் 230 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்துத்தான் ஏசியை ஓட்டுகிறார்கள். இரவில் காவலுக்காக வண்டிக்குள்ளேயே படுப்பவர் பெரும்பாலும் கிளீனர் பையன்தான்.

மின்கசிவு ஏற்பட்டவுடன் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒவ்வொரு கேரவனிலும் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் நீர் சொட்டினால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். சமாளித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

கூரைமேல் ஏறுகிறவருக்கும் எச்சரிக்கை தேவை. ஏறுமுன் தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று பார்க்க வேண்டும். ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரக் கூரையில் ஏறக் கூடாது. சட்டம் இருக்கும் இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். காலடியில் தகடு மெத்தென்று அமுங்கினால் கீழே பலகை ஊறிவிட்டது என்று அர்த்தம். உடனே இறங்கிவிட வேண்டும். சவாரி அவசரம் என்று ஆளை விரட்டி ஏற்றும் முதலாளிகள் இதை யோசிக்க வேண்டும்.

வழியில் ஒழுகினால்?

சவாரியின் நடுவில் ஒழுகத் தொடங்கினால் தார்ப்பாயைக் கட்டிச் சமாளிக்கலாம். ஜெனரேட்டரின் புகை வெளியேறும் வாயைமட்டும் மூடிவிடக் கூடாது. புகை உள்ளே திரும்பினால் தூங்குகிறவர்களின் உயிருக்கே ஆபத்து. ஊர் திரும்பியதும் பட்டறைக்குப் போய்விட வேண்டும். தார்ப்பாய் வைத்தியம் அதற்குமேல் வேண்டாம்.

ஆண்டுக்கு இரண்டு முறை

மே மாதத்தில் ஒரு முறை. மழை ஓய்ந்த பிறகு அக்டோபரில் ஒரு முறை. இவ்விரண்டும் கட்டாயம். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்தால் இன்னும் நல்லது. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் இலைச் சருகைக் கூட்டித் தள்ள வேண்டும். சருகு அடைத்த இடத்தில்தான் நீர் தேங்கும்.

வடாலாப் பட்டறையில் வேலை முடிந்தது. புது ரப்பர் மெத்தை, கொஞ்சம் பசை, ஒரு நாள் கூலி. உள்ளே திறந்து பார்த்ததில் ஒரு முழப் பலகைதான் ஊறியிருந்தது.

"இன்னும் ஒரு மழை விட்டிருந்தா மொத்தக் கூரையையும் பிரிச்சிருக்கணும், தம்பி" என்கிறார் மேஸ்திரி.

கூரையைப் பிரித்தால் வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும். சவாரி நின்றுவிடும். கடன் தவணை நிற்குமா? அது மாதம் பிறந்தால் வந்துவிடும்!

வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, ஜூன் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏணியை எடுங்கள்!