பிம்ப்ரி பென்சிலினைத் தேடுபொறி கண்டுபிடிக்குமா?

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் 1954-ல் மத்திய அரசு ஒரு மருந்து நிறுவனத்தைத் தொடங்கியது. பெயர் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கைகொடுக்க, அடுத்த ஆண்டே அங்கே பென்சிலின் தயாராகத் தொடங்கியது. இந்த ஆலையைப் பற்றி ஒருவர் இணையத்தில் தமிழில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் திருநெல்வேலியில் இருந்துகொண்டு 'இந்தியாவில் பென்சிலின் ஆலை எங்கே' என்று கைப்பேசியில் தட்டுகிறாள். அவள் கண்ணில் அந்தக் கட்டுரை படுமா?

அவள் தட்டிய பிறகு கூகுள் இணையம் முழுக்க ஓடிப்போய்த் தேடுவதில்லை. ஓட்டமெல்லாம் முன்பே முடிந்திருக்கும். 'சிலந்தி' எனப்படும் நிரல்கள் இரவு பகலாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு போய், படித்ததைச் சேமித்து வைக்கின்றன. சேமித்ததிலிருந்து ஒரு பிரம்மாண்டமான சொல்லடைவு உருவாகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சங்க இலக்கியத்தில் வரலாற்றுத் தொடர்பான எந்தச் சொல் எந்த நூலில் எங்கே வருகிறது என்று காட்டும் அடைவை ந. சுப்பிரமணியன் தொகுத்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1966-ல் வெளியிட்டது. தேடுபொறிக்குள் இருப்பதும் அதே ஏற்பாடுதான்: 'பென்சிலின்' என்ற சொல்லுக்கு நேரே, அது வரும் பக்கங்களின் பட்டியல். எழுதுகிறவருக்கு முதல் பாடம் இங்கேயே கிடைத்துவிடுகிறது. வாசகர் தேடும் சொல்லோ, அதற்கு நெருக்கமான ஒன்றோ கட்டுரையில் இல்லையென்றால் அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கடினம். கட்டுரை முழுக்க 'நுண்ணுயிர்க் கொல்லி' என்று மட்டும் எழுதிப் 'பென்சிலின்' என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவர், அந்தப் பெண்ணைத் தானே விலக்கி வைக்கிறார்.

பட்டியலில் ஆயிரம் பக்கங்கள் இருந்தால் எது முதலில் வரும்? கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1972-ல் ஒரு வழி சொன்னார்: ஒரு சொல் எவ்வளவு குறைவான ஆவணங்களில் வருகிறதோ, அவ்வளவு எடை அதற்குக் கொடுக்க வேண்டும். 'இந்தியா', 'ஆலை' போன்ற சொற்கள் எங்கும் கிடக்கின்றன, 'பிம்ப்ரி' அரிது. ஆகவே ஊர்ப்பெயரைத் தட்டித் தேடுகிறவரைச் சென்றடைய, 'பிம்ப்ரி' என்று எழுதுவது 'மகாராஷ்டிரத்தில் ஓர் ஊர்' என்று எழுதுவதைவிடப் பல மடங்கு பலம் வாய்ந்தது. நல்ல உரைநடை கேட்பதும் இந்தக் குறிப்பான பெயரைத்தான். 1998-ல் லாரி பேஜும் செர்கே பிரினும் இன்னோர் அளவுகோலைச் சேர்த்தார்கள். மற்றவர்கள் எந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள், கொடுக்கிறவர்கள் எவ்வளவு மதிப்புள்ளவர்கள் என்ற கணக்கு அது. கூகுள் பிறந்தது அதில்தான்.

இதைத் தெரிந்துகொண்டவர்களில் சிலர் குறுக்கு வழியில் இறங்கினார்கள். ஒரே சொல்லைப் பத்திக்குப் பத்துத் தடவை திணித்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைத்தார்கள். இதே திணிப்புக்கு இடமாகிவிட்ட, பக்கத்தின் நிரலில் தனியாகக் கொடுக்கப்படும் திறவுச்சொல் பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-ல் வெளிப்படையாகச் சொன்னது. 2011 பிப்ரவரியில் வந்த 'பாண்டா' மாற்றம், சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. இன்றும் திணிப்பைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளுக்குக் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் காசில் ஒரு நூலகப் பயணம் போய்வரலாம்.

தமிழில் எழுதுகிறவருக்குத் தனிச் சிக்கல்களும் உண்டு. பிம்ப்ரியில், பிம்ப்ரிக்கு, பிம்ப்ரியிலிருந்து என்று ஒரு பெயரே பல உருவம் எடுக்கிறது. வேற்றுமை உருபை வெட்டிவிட்டு வேரைப் பார்க்க இயந்திரங்கள் கற்றிருக்கின்றன. ஆனால் நீண்ட கூட்டுச்சொற்களில் இன்னும் தடுமாறலாம். அதனால் தலைப்பிலும் முதல் பத்தியிலும் ஊர்ப்பெயரை உருபு சேராமல் ஒரு முறையாவது எழுதுவது நல்லது. அந்த ஊரைப் பிம்பிரி என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவது வடிவத்தையும் ஓரிடத்தில் இயல்பாகச் சொல்லிவிடலாம். யூனிகோடு பரவுவதற்கு முன், பல தளங்கள் தங்களுக்கென்று தனி எழுத்துருவை வைத்திருந்தன. திரையில் தமிழாகத் தெரிந்தது உள்ளே வேறு குறியீடுகளாகக் கிடந்தது. நல்ல எழுத்துகள் பல அப்படித் தேடலுக்கு எட்டாமல் போயின. இப்போது அதே தவறை, கட்டுரையைப் படமாக்கிப் பதிவிடுகிறவர்கள் செய்கிறார்கள்.

பிம்ப்ரி ஆலை பற்றிய கட்டுரைக்குத் தலைப்பு வைப்பதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. அந்த ஆலையைச் சுருக்கமாக எச்.ஏ.எல். என்பார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு எச்.ஏ.எல். என்றால் பெங்களூரில் விமானம் செய்யும் நிறுவனம்! 'எச்.ஏ.எல்.லின் கதை' என்று தலைப்பு வைத்தால் வாசகரும் குழம்புவார், இயந்திரமும் குழம்பும். 'பாரத அன்னையின் மருத்துவக் கோயில்' என்று வைத்தால் என்ன பொருள் என்றே தெரியாது. 'பிம்ப்ரி பென்சிலின் ஆலை: 1954 முதல்' என்பது அழகில் குறைவுதான், ஆனால் தேடல் பட்டியலில் அந்த ஒரு வரிதான் முதலில் கண்ணில் படும். அழகை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்? பத்துப் பக்கங்களில் ஏற்கெனவே உள்ளதை மாற்றி எழுதினால் பதினொன்றாவதாக நிற்கலாம். இதே ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எம்.ஜே. திருமலாசாரும் அவருடைய சகாக்களும் ஹாமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கண்டறிந்தார்கள் என்பதை எத்தனை தமிழ்ப் பக்கங்கள் சொல்லும்? பெரிய தொட்டியில் பூஞ்சைக்குச் சர்க்கரையும் காற்றும் கொடுத்துப் பென்சிலினைச் சுரக்க வைக்கும் முறையை, அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டு எழுதினால் மற்றவர்கள் தாங்களாகவே இணைப்புக் கொடுப்பார்கள்.

கட்டுரையில் பிம்ப்ரிக்குப் போகும் வழியும் இருக்கும் அல்லவா? 2022 மார்ச்சில் புனே மெட்ரோ, பிம்ப்ரியில் உள்ள பி.சி.எம்.சி. நிலையத்திலிருந்து புகேவாடி வரைதான் ஓடியது. 2023 ஆகஸ்டில் சிவில் கோர்ட் வரை நீண்டது. 2024 செப்டம்பரில் ஸ்வார்கேட் வரை போய்விட்டது. இப்படி விவரம் மாறும்போது புதிதாக இன்னொரு பக்கம் தொடங்க வேண்டாம். பழைய பக்கத்தின் முகவரியை மாற்றாமல் அதிலேயே திருத்தி, திருத்திய தேதியை மேலே போடுங்கள். அந்த முகவரிக்கு இதுவரை சேர்ந்த இணைப்புகள் அப்படியே நிற்கும், ஸ்வார்கேட்டில் ரயில் ஏற நினைப்பவருக்கும் சரியான தகவல் கிடைக்கும்.