திரையில் இல்லாத கட்டம்: மருத்துவத் தரவும் சாதியும்

தமிழ்நாட்டின் கிராமம் ஒன்றில் ஒரு பெண் கருவுற்றால், அவரது பெயர் 'பிக்மி' எனப்படும் அரசு இணையதளத்தில் பதிவாக வேண்டும். பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியரே அதைப் பதிவு செய்கிறார். பதிவானதும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியைப் பெற அந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதையே கேட்கிறார்கள். எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, தடுப்பூசி என ஒவ்வொன்றுக்கும் அப்பதிவில் ஒரு கட்டம் உண்டு. பட்டியல் சாதியா, பழங்குடியா, பிறரா என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு.

செவிலியர் சேரிக்குள் வந்தாரா, தெருமுனையில் நின்று ஆளனுப்பி வரவழைத்தாரா என்பதற்குக் கட்டம் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்களா, மாத்திரையைக் கையில் கொடுத்தார்களா, எட்ட நின்று போட்டார்களா என்பதற்கும் இல்லை. ஆய்வாளர் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் தலித் குழந்தைகளிடையே மேற்கொண்ட ஆய்வு இத்தகைய பாகுபாட்டைத்தான் ஆவணப்படுத்தியது. நோயறியும்போது தொடுவதிலும், மருந்து தருவதிலும், வீட்டுக்கு வருவதிலும் அக்குழந்தைகள் வேறாக நடத்தப்பட்டனர். மருந்து எப்படியோ கைக்கு வந்துசேர்ந்துவிட்டால், கணினியின் கணக்கில் அது 'சேவை வழங்கப்பட்டது' என்றே ஏறும். தீண்டாமை நிகழ்வது சேவை வழங்கப்படும் முறையில் என்பதால், எண்ணிக்கையை மட்டும் கேட்கும் திரையில் அது படுவதே இல்லை.

நம் சட்டம் இவ்வளவு அப்பாவியாக இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கியது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், மருத்துவமனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நாடாளுமன்றம் அறிந்திருந்த ஒன்றை மென்பொருளுக்கு யாரும் சொல்லவில்லை.

பழியைச் செவிலியர்மீது மட்டும் போடுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஒரே விவரத்தைப் பதிவேட்டில் ஒருமுறையும் கணினியில் மறுமுறையும் எழுதும் சுமை அவர்கள் தலையில்தான் விழுகிறது. களப்பணியாளர்களிலும் தலித் பெண்கள் இருக்கிறார்கள். வட மாநிலங்களில் தலித் ஆஷா பணியாளரை ஆதிக்கச் சாதி வீட்டார் வாசலோடு நிறுத்திவிடுவது செய்திகளில் வந்திருக்கிறது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர் செயலியில் என்ன எழுதுவார்? போகாத வீடு என்று எழுதினால் இலக்கை எட்டாதவர் ஆவார். போனதாக எழுதினால் பொய்யர் ஆவார். தன்னை உள்ளே விடவில்லை என்று எழுத அவருக்கும் கட்டம் இல்லை.

பதிவு செய்ய வழியில்லாதவர்களின் நிலை வேறு. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசி திறந்துவிடப்பட்டபோது, 'கோவின்' தளத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கே ஊசி என்றார்கள். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு என்பது 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கு. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் இந்தப் பிளவைச் சுட்டிக் கேள்வி எழுப்பியது. நேரில் வருவோருக்கும் ஊசி என்ற ஏற்பாடு பிறகே பரவலானது. இன்று அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கைபேசியால் குறியீட்டைப் படம்பிடித்தவருக்குச் சீட்டு உடனே வருகிறது. கைபேசி இல்லாத முதியவர் பழைய வரிசையிலேயே நிற்கிறார்.

அப்படியானால் சாதிக் கட்டத்தையே நீக்கிவிடலாமா? தோழர்கள் சிலர் அப்படிக் கேட்கிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2020இல் வெளியான தேசிய மின்னணு சுகாதார இயக்கத்தின் வரைவுக் கொள்கை, சாதியைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவல்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ அப்படியொரு தனிவகையே இல்லை. நோயும் சாதியும் கைபேசி எண்ணும் அதன்முன் ஒரே தரத்தவை. 14 இலக்க 'ஆபா' எண் விருப்பத்தின்பேரில் மட்டுமே என்கிறது விதி. காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிவந்து சீட்டு வாங்க நிற்கும் தாயிடம் அதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? தடுப்பூசிக்காக ஆதாரைக் காட்டிய பலர், தங்கள் பெயரில் சுகாதார எண் உருவாகியிருப்பதைச் சான்றிதழைப் பார்த்தே அறிந்தார்கள்.

ஆனாலும் கட்டத்தை நீக்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு. நீக்கினால் பாகுபாடு நீங்காது, அதற்கான சான்று மட்டும் நீங்கும். பெயரோடு சேர்ந்த சாதியும் நோயும் பூட்டப்பட வேண்டும். பெயர் நீக்கிய தொகுப்புக் கணக்கு பொதுவெளிக்கு வர வேண்டும். இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. பெண்ணிடம் சாதி கேட்டு வாங்கப்படுகிறது. ஆனால் எந்தச் சுகாதார நிலையம் எந்தச் சாதிப் பெண்களைக் குறைவாகக் கவனித்தது என்ற கணக்கு வெளியிடப்படுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் தேசிய குடும்ப நல ஆய்வு மாநில அளவில் ஒரு சித்திரத்தைத் தருகிறது. நம் ஊர்ச் சுகாதார நிலையத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அந்தக் கணக்கைக் கேட்டுப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தரக் கெடு 30 நாள். கல்லூரி மாணவர் குழு ஒன்று தன் மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலகத்திடம் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தனித்தனியாகக் கேட்கலாம்: சென்ற ஆண்டு முதல் 12 வாரத்துக்குள் பதிவான பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர், பிறர் எத்தனை பேர்? பிரசவத்துக்குப் பின் 42 நாளுக்குள் வீட்டுக்குச் சென்று பார்க்கப்பட்டவர்கள் இரு தரப்பிலும் எத்தனை பேர்? வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? பெயர்களைக் கேட்க வேண்டாம். பதில் வந்ததும் அந்தத் தாளோடு சேரிக்குப் போய், அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களிடம் செவிலியர் வந்தாரா, வந்தபோது எங்கே நின்றார் என்று கேளுங்கள்.