தாங்லின் படைமுகாம், டெம்சி குன்று, சிங்கப்பூர்

சாதிக்காய்த் தோட்டமாக இருந்து, 1860-களில் ஆங்கிலேயத் துருப்புகளின் வாசஸ்தலமான இக்குன்றில், உஷ்ணப் பிரதேசத்துக்கு ஏற்றவாறு உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமும் கொண்டு எழுப்பப்பட்ட நீண்ட கொட்டடிகளிலேதான், இன்று உணவகங்களும் காப்பிக் கடைகளும் புராதனப் பொருள் அங்காடிகளும் ஓவியக் கூடங்களும் இடம்பெற்றிருக்கின்றன.

முதலாம் உலக மகாயுத்தத்தின்போது இங்கே சிறைவைக்கப்பட்ட ஜெர்மானியருள், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த எம்டன் கப்பலைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். 1915 பிப்ரவரி 15 அன்று கலகத்தில் இறங்கிய இந்தியச் சிப்பாய்கள் காவலரைச் சுட்டு வீழ்த்தி, முகாமுக்குள் புகுந்து, கைதிகளைத் தம்மோடு சேருமாறு அழைத்தபோது, பெரும்பாலோர் அதற்கு இணங்காதிருக்க, எம்டனின் அதிகாரி லவுட்டர்பாக் முதலிய சிலர் சமயம் பார்த்துத் தப்பியோடினர்.

1971-இல் ஆங்கிலேயப் படை விடைபெற்ற பின்னர், ஆடவர்க்குக் கட்டாயமான தேசிய சேவைக்கு ஆள் சேர்க்கும் தலைமை நிலையம் 1989 வரை இக்குன்றில் இயங்கியது. ஆதலால், இங்கே குடும்பத்தோடு உணவருந்த வரும் நடுவயதைக் கடந்த சிங்கப்பூர் ஆடவர் பலர், பதினெட்டாம் பிராயத்தில் வைத்தியப் பரிசோதனைக்கு வரிசையில் நின்ற இடம் இதுவேயாகும்.